ஆண்மைக் குறைவும் புதிய சிகிச்சைகளும்

காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடமும் சொல்கிறோம். ஆண்மைக் குறைவு என்றால் கட்டிய மனைவியிடமும் சொல்லத் தயங்குகிறோம். பிழைப்பின் பொருட்டுப் புனே போன்ற நகரங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்க்கு இச்சங்கடம் இரு மடங்கு. பழகிய வைத்தியர் ஊரில் இருக்கிறார். இங்குள்ளவரிடம் அந்தரங்கத்தை அயல்மொழியில் எடுத்துரைக்க நாக் கூசுகிறது. இந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் விளம்பரங்கள், இப்பொழுது 'திசுக்களைப் புதுப்பிக்கும் கூட்டுச் சிகிச்சை' என்ற பெயரைத் தாங்கி வருகின்றன. அதன் உண்மையை ஆராய்வோம்.

விறைப்பு என்பது அடிப்படையில் இரத்த ஓட்டத்தின் செயல். வேட்கை எழுந்ததும் நரம்புகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அது குறியினுள் கடற்பஞ்சு போல் அமைந்த திசுவின் தசைகளைத் தளர்த்துகிறது. தமனிகள் விரிந்து இரத்தம் நிறைகிறது. வெளியேற்றும் சிரைகள் அழுத்தப்படுவதால் அது உள்ளேயே தங்குகிறது. இவ்வாயு இரத்த நாளங்களில் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூன்று அறிஞர்கள் 1998-இல் நோபெல் பரிசு பெற்றனர். இச்செயலை வலுப்படுத்தும் சில்டெனாபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் மாத்திரை அந்தந்த வேளைக்கு உதவுமேயன்றிப் பழுதுற்ற திசுவைச் செப்பனிடாது. செப்பனிட இயலுமா என்ற வினாவிலிருந்து பிறந்தவையே புதிய சிகிச்சைகள்.

அவற்றுள் முக்கியமானவை மூன்று. முதலாவது, மெல்லிய அதிர்வலைகளைச் செலுத்திப் புதிய நுண்குழாய்கள் தோன்றத் தூண்டுவது. இஸ்ரேல் நாட்டு வைத்தியர்கள் இதன் முதல் ஆய்வை 2010-இல் வெளியிட்டனர். இரண்டாவது, நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து ஊசி வழியே செலுத்துவது. மூன்றாவது, ஸ்டெம் செல்களைச் செலுத்துவது. நிலத்தைக் கிளறியபின் எருவிடுதல் போல, அதிர்வலையால் திசுவைத் தூண்டிவிட்டுப் பிளாஸ்மாவால் ஊட்டமளித்தால் பலன் பெருகும் என்பதே இவற்றை இணைப்போரின் எண்ணம்.

எண்ணம் வேறு, நிரூபணம் வேறு. கிரேக்க நாட்டில் 60 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான சோதனை, பிளாஸ்மா ஊசி பயன் தருவதாகக் காட்டியது. அமெரிக்காவின் மயாமி நகரில் 61 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான சோதனையிலோ, பிளாஸ்மா பெற்றவர்களும் போலி ஊசி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினர். நம்பிக்கையே பாதி மருந்தாகிவிடும் நோய் இது. தனித்தனியே ஐயத்துக்குரிய இரண்டை இணைத்துவிட்டால் ஐயம் நீங்கிவிடாது. உடன் மாத்திரையும் கொடுத்துவிட்டால், குணம் எதனால் வந்தது என்று எவரும் கூற இயலாது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2018-இல் இம்மூன்றையும் ஆய்வு நிலையிலுள்ளவை என்றே வகுத்தது. இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்று சிகிச்சை நீங்கலாக, ஸ்டெம் செல் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே வழங்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017-இல் நெறி வகுத்தது.

புனே நகரமே இதில் நமக்கொரு பாடம் தருகிறது. இங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யூட்கின் ஆகிய இருவரின் உயர எடை விகிதமும் ஒன்றே, 22.3. ஆயினும் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். 2004-இல் வெளியான இவ்வொப்பீடு, மெலிந்த தோற்றமுடைய இந்தியனும் நீரிழிவுக்கு இலக்காவதேன் என்பதை விளக்க உதவியது. நீரிழிவோ நரம்பையும் இரத்தக் குழாயையும் ஒருங்கே கெடுத்து ஆண்மைக் குறைவுக்குப் பெருங்காரணமாகிறது. அன்றியும், குறியின் தமனிகள் இதயத்தின் தமனிகளினும் குறுகியவை; ஆதலின் அடைப்பு அங்கே முதலில் புலப்படலாம். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாக வரும் எச்சரிக்கையை வெட்கத்தால் மறைத்து, பெருந்தொகை கொடுத்து ஊசி போட்டுக்கொள்பவர், இழப்பது பணம் மட்டுமன்று.

ஆகவே, முதலில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்க. புகைப்பதை நிறுத்துக. மனக்கவலையும், உட்கொண்டுவரும் பிற மருந்துகளும் காரணமாகலாம். அவற்றையும் வைத்தியரிடம் ஒளியாமல் கூறுக. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் சில்டெனாபிலைத் தொடலாகாது. இரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். புதிய சிகிச்சையை எவரேனும் முன்மொழிந்தால், அது பதிவு பெற்ற ஆய்வா, நன்னெறிக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேட்க. முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வு மருந்துக்குக் கட்டணம் பெறுவது நெறியன்று. ஆண்மை விருத்தி செய்வதாக மருந்துகளை விளம்பரம் செய்தல் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்க. மொழி தடையானால், நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். அல்லது உடற்குறையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். வைத்தியருக்கு இதுவும் பிற நோய்களைப் போன்றதொரு நோயே.