ஆழமான மீன்தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

1990களின் முற்பகுதியில் யாழ். குடாநாடு மின்சாரமின்றி இருளில் கிடந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றி எரித்த சிக்கன விளக்கில் படித்த தலைமுறை எமது தலைமுறை. ஒளியின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், வீட்டில் இரண்டடி ஆழக் கண்ணாடித் தொட்டியை வைத்து, நீர்த்தாவரங்களுடன் மீன் வளர்க்க விரும்பும் ஒருவர் எந்த விளக்கை வாங்குவது என்று கேட்டால், "கூடிய உவாற்று உள்ளதை வாங்குங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இப்பதில் பணத்தையும் விரயமாக்கும், தொட்டியையும் கெடுக்கும்.

மேலைத்தேய மருத்துவத்தையே 19ஆம் நூற்றாண்டில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் கற்பித்த ஊர் மானிப்பாய். விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சொற்களைத் தமிழில் விளங்கிக்கொள்வது அதனிலும் கடினமானதன்று.

உவாற்று என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி அது தரும் ஒளியின் அளவன்று. ஒரு லீற்றருக்கு இத்தனை உவாற்று என்ற பழைய கணக்கு குழல் விளக்குகளின் காலத்துக்குரியது. அவ்விளக்குகளில் பாதரசம் இருப்பதால், அவற்றின் உற்பத்தியை 2027ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்துள்ளன. எனவே இனி எல்.ஈ.டி. விளக்கே தெரிவு. லூமென் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசம். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிப்பது. பகலொளியை ஒத்த 6500 கெல்வின் தாவரங்களுக்கும் பார்வைக்கும் பொருந்தும். தாவரம் ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்தும் ஒளியை அளக்கத் தனி அலகு உண்டு. அவ்வலகில் எமது முற்றத்து நண்பகல் வெயில் ஏறத்தாழ 2000. நிழல் விரும்பும் நீர்த்தாவரத்துக்கு, தொட்டியின் அடித்தளத்தில் 20 முதல் 40 வரை கிடைத்தாலே போதும்.

ஆழம் ஏன் சிக்கலாகிறது? நீர் ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது பரவலான எண்ணம். தெளிந்த நீர் இரண்டடி ஆழத்தில் செந்நிறக் கதிர்களின் ஒரு பகுதியையே உறிஞ்சுகிறது. பெரிய இழப்பு ஒளி பரந்து மெலிவதால் ஏற்படுவது. சிறிய குமிழொன்றிலிருந்து தூரம் இரு மடங்கானால், ஒரே பரப்பில் விழும் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட பட்டை விளக்கில் இக்குறைவு அவ்வளவு கடுமையன்று. ஆகவே ஆழமான தொட்டிக்கு, 120 பாகையில் ஒளியைச் சிதறடிக்கும் விளக்கிலும், வில்லை பொருத்தி 60 முதல் 90 பாகைக்குள் ஒளியைக் குவிக்கும் விளக்கே உகந்தது. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருப்பின் மிக நன்று. மூடுகண்ணாடியில் படியும் சுண்ணாம்பையும் தூசியையும் துடைத்தெடுப்பது செலவில்லாமல் ஒளியைக் கூட்டும் வழி.

விளக்கைத் தாவரத்துக்கேற்பத் தேடுவதைப் போலவே, தாவரத்தை விளக்குக்கேற்பத் தேடுவதும் அறிவுடைமை. உலகெங்கும் மீன்தொட்டிகளை அலங்கரிக்கும் கிரிப்டோகோரைன் இனங்கள் பல இலங்கைக்கே உரியவை. மரநிழல் கவிந்த ஓடைகளில் வளர்பவை. இவற்றுள் வென்டியை என்னும் இனம் மங்கலான ஒளியிலும், எமது சுண்ணக்கற் பூமியின் வன்னீரிலும் தாக்குப்பிடிக்கும். ஓடைகளிலிருந்து பிடுங்கியதை அன்றி, பண்ணையில் வளர்த்ததையே வாங்க வேண்டும்.

மிகையான ஒளியின் விளைவு பாசி. வலிகாமத்தில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. தோட்டங்களுக்கு இடும் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளன. நைத்திரேற்றும் கடும் ஒளியும் சேர்ந்தால் பாசிக்கு அது விருந்து. எனவே முதலில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் விளக்கை எரித்து, செடிகள் வேரூன்றிய பின் எட்டு மணித்தியாலமாக்கலாம். நேர ஆளி ஒன்று இருந்தால் மறதிக்கு இடமில்லை. யன்னல் வெயில் தொட்டியில் நேரே விழலாகாது.

ஒளியைக் குறைத்தும், நீரை மாற்றியும், புதிதாக ஊற்றிய கிணற்று நீரில் பாசி மீண்டும் மீண்டும் படருமாயின், அந்தக் கிணற்று நீரைப் பரிசோதிப்பது நல்லது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச வரம்பு. அதை மீறிய நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைக்கக்கூடும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று அகலாது. நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். செடிகள் ஓரிரு நாள் இருளைப் பொறுக்கும். மீன்கள் ஒட்சிசன் குறைவைப் பொறுக்கா. இருளில் செடிகளும் ஒட்சிசனையே உட்கொள்வதால், விளக்குக்குச் செலவிடுமுன் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வைப்பதே முறை. தொட்டிக்குள் கை விடுமுன் மின்னிணைப்பைத் துண்டிப்பது கட்டாயம்.

போத்தல் விளக்குக் காலத்தில் தேவைக்கு மேல் ஒரு துளி எண்ணெயையும் நாம் எரிக்கவில்லை. அந்தச் சிக்கனமே தொட்டியின் செடிக்கும் நல்லது, வீட்டின் மின்பட்டியலுக்கும் நல்லது. விளக்கு வாங்கச் செல்பவர் தொட்டியின் ஆழத்தை அளந்து, வளர்க்கப்போகும் செடியின் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லட்டும்.