நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகும் கேமரா

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நாம் இரண்டடி தள்ளி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் மெல்லத்தான் பேசுகிறேன். நீங்கள் தெருக்கோடியில் நின்றால் இதே சேதிக்குக் குரலை உயர்த்துவேன், கையை வீசுவேன், சொல்லை நீட்டுவேன். இந்தத் தூரக் கணக்கு மனதில் இருந்தால் போதும், ஒரு சரித்திர நாடகம் எப்படிச் சினிமாவாகிறது என்பது விளங்கிவிடும். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யை வைத்துப் பார்ப்போம்.

முதலில் கதை. 1415 அக்டோபரில், பிரான்ஸில் அஜின்கோர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றியின் களைத்துப்போன சிறுபடை, தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையை வென்றது. 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் அதை நாடகமாக்கினார். அவர் கையில் இருந்தது ஒரு பலகை மேடையும் கொஞ்சம் நடிகர்களும்தான். குதிரை இல்லை, கோட்டை இல்லை.

அதனால் ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் 'கோரஸ்' என்ற ஒருவர் வந்து நிற்பார். நம் கூத்தில் கட்டியங்காரன் வந்து களத்தை விவரிப்பானே, அதைப் போல. இந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு ராஜ்யங்களை அடைக்க முடியாது, மீதியை உங்கள் மனதுக்குள் கட்டிக்கொள்ளுங்கள் என்று சபையோரிடம் வேண்டிக்கொள்வார். அவ்வளவு பெரிய போரில் நம் கண்முன் நடப்பதாக எழுதியிருப்பது, ஒரு வாய்வீச்சுக்காரச் சிப்பாய் ஒரு பிரெஞ்சுக்காரனைப் பிடித்து மிரட்டும் வேடிக்கை மட்டுமே.

இங்கேதான் நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம் வருகிறது. மேடையில் இல்லாத குதிரையையும் கோட்டையையும் கொண்டுவந்து நிறுத்தி, வசனத்தைக் குறைத்தால் நாடகம் சினிமாவாகிவிடும் என்று நினைக்கிறோம். நியாயமான எண்ணம்தான். ஆனால் அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். 1944இல் லாரன்ஸ் ஒலிவியர் தானே இயக்கி, தானே ஹென்றியாக நடித்து இதைப் படமாக்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், போர்க்களக் காட்சிகளை நடுநிலை நாடான அயர்லாந்தில், பவர்ஸ்கோர்ட் எஸ்டேட்டில் எடுத்தார்கள். பிரெஞ்சு வீரர்களின் குதிரைகள் நடையில் தொடங்கி, ஓட்டமாகி, பாய்ச்சலாகின்றன. கேமராவும் கூடவே ஓடுகிறது. வில்லியம் வால்டனின் இசையும் சேர்ந்து வேகமெடுக்கிறது. சொல்லால் வரைந்த காட்சியை இங்கே கண்ணே பார்த்துவிடுகிறது. நாடகத்தின் வரிகளில் ஏறத்தாழப் பாதியை ஒலிவியர் விட்டுவிட்டார்.

உண்மையின் மீதிப் பாதி, தூரம் பற்றியது. நாடகக் கொட்டகையில் டிக்கெட் வாங்கியதுமே நமக்கும் நடிகருக்கும் இடையிலான தூரம் முடிவாகிவிடுகிறது. நடிகர் அந்தத் தூரத்தைக் குரலால் நிரப்ப வேண்டும். சினிமாவில் கேமரா நம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. இப்போது மலைமேல் வைக்கும், அடுத்த நொடி அரசனின் கன்னத்தருகே வைக்கும். ஆகவே திரைக்கதை எழுதுபவர் ஒவ்வொரு வசனத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி, 'நீ எத்தனை அடி தூரத்துக்காக எழுதப்பட்டாய்?' என்பதே.

போருக்கு முன் ஹென்றி தன் வீரர்களைத் தட்டியெழுப்பும் பெரிய பேச்சு ஒன்று உண்டு. சினிமா வழக்கப்படி, பேச்சு உச்சத்துக்குப் போகப் போகக் கேமரா முகத்தை நெருங்கும். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? இரண்டடியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒருவர் கத்துவதுபோல் ஆகிவிடும். ஒலிவியர் இதைத் தலைகீழாக்கினார். பேச்சு தணிவாகத் தொடங்கும்போது கேமரா பக்கத்தில் இருக்கிறது. குரல் ஏற ஏற அது பின்னால் போகிறது. அரசன் ஒரு வண்டிமேல் ஏறி நிற்கிறான், சுற்றிலும் படை கூடுகிறது. மேடைக் குரல் அப்படியே முழங்குகிறது. அதற்கு வேண்டிய வெளியைக் கேமரா உண்டாக்கிக் கொடுக்கிறது.

அதற்கு முந்தைய இரவில் நேர்மாறான கணக்கு. மாறுவேடத்தில் பாசறையைச் சுற்றிவரும் அரசன், தன் பாரத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். மேடையில் தனிமொழியையும் கடைசி வரிசைவரை கேட்கும்படி உரக்கத்தான் சொல்லியாக வேண்டும். ஒலிவியர் தன் முகத்தை அருகில் காட்டி, உதடுகளை மூடிக்கொண்டு, குரலை மட்டும் பின்னால் ஒலிக்கவிட்டார். மனதுக்குள் ஓடுவது மனதுக்குள்ளேயே கேட்கிறது.

சில இடங்களில் வசனம் சுருங்காமல் விரியவும் செய்யும். வெற்றிக்குப் பிறகு துதிப்பாடல் பாடச் சொல்லி அரசன் இடும் ஆணை நாடகத்தில் ஒரே வரி. 1989இல் இதே நாடகத்தைப் படமாக்கிய கென்னத் பிரானா, அந்த வரியை ஏறக்குறைய நான்கு நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடும் காட்சியாக்கினார். சேற்றில் பிணங்களுக்கு நடுவே, கொல்லப்பட்ட ஒரு சிறுவனைத் தோளில் சுமந்தபடி அரசன் நடக்கிறான். பாடல் எழும்பிக்கொண்டே போகிறது. வென்றவன் எதைச் சுமக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. நாமும் அந்தச் சேற்றில் கூடவே நடக்கிறோம்.

இருவரும் கோரஸை நீக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்கே காட்ட முடியும்போது வர்ணனைக்காரர் எதற்கு என்று அவரைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். ஒலிவியரின் படமோ ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கிலேயே தொடங்குகிறது. ஹென்றியாக நடிக்கப்போகிறவர் திரைமறைவில் தொண்டையைக் கனைத்துக்கொள்வதைக்கூடப் பார்க்கிறோம். பிறகு வரைந்த ஓவியம் போன்ற அரங்கங்கள், அதன்பின் நிஜமான புல்வெளி, கடைசியில் மறுபடி அதே மேடை. பிரானாவின் கோரஸ் இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு, வெறும் படப்பிடிப்புத் தளத்தில் நின்று பேசுகிறார். எத்தனை குதிரைகளை ஓட்டினாலும் 1415 திரும்பி வராது. மீதியை நம் மனம்தான் கட்டியாக வேண்டும். 1599இல் வைத்த வேண்டுகோள் சினிமாவுக்கும் பொருந்துகிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்தமுறை நாடகத்திலிருந்து வந்த படம் ஒன்றைப் பார்க்கும்போது, பெரிய வசனம் வரும் இடத்தில் நம் நாற்காலி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வசனம் நம்மைத் தொட்டதா, காதை மட்டும் அடைத்ததா என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.