தளம் போடும் முன்

டெக்சாஸ் மாகாணத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்னும் ஊரில், மகன் வீட்டுக்கு ஆறு மாத விருந்தாளியாகப் போயிருந்த எனக்குக் காலை நடை என்பது, தேக ஆரோக்கியத்துக்காக மேற்கொண்ட விரதம் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளை வேடிக்கை பார்ப்பதற்கு நான் கண்டுபிடித்த சாக்கு. பொதுமராமத்து இலாகாவில் 31 வருஷம் உத்தியோகம் பார்த்தவனுக்கு, ஓரிடத்தில் மண்ணை வெட்டுகிறார்கள் என்றால் அதைத் தாண்டிப் போகக் கால் வராது. அப்படிக் கால் நின்ற ஒரு நாளில்தான், வீடு என்று சொல்லத்தக்க ஒரு செங்கல்லோ ஒரு மரச்சட்டமோ இல்லாத வெறும் மனையிலே, நாலு பக்கமும் பலகை அடைத்த கரிய மண்ணுக்குள்ளிருந்து, அறுத்துவிட்ட சோளக்கொல்லையின் அடித்தட்டைகளைப் போல, வெள்ளை வெளேரென்று குழாய்த் துண்டுகள் தலைநீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

முதற் பார்வைக்கு எல்லாம் தாறுமாறாகத்தான் தோன்றிற்று. சற்று நின்று பார்க்கப் பார்க்க, ஒரு மூலையில் பருத்த குழாய் ஒன்றும் அதை ஒட்டி மெலிந்த குழாய்கள் இரண்டும் இருப்பது குளியலறை என்றும், பலகையோரத்தில் ஒற்றையாக நிற்பது துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என்றும், மனையின் நட்டநடுவில் திக்கற்றவை போல நிற்கும் ஒரு ஜோடி சமையலறை நடுமேடையின் தொட்டிக்கு என்றும் புலப்படலாயிற்று. கட்டிடம் இல்லை, ஆனால் கட்டிடத்தின் பிளான் முழுவதும் மண்ணிலே பிரத்தியட்சமாக நின்றது. இன்னும் சில தினங்களில் இந்த மண்ணின் மேல் கான்கிரீட் தளத்தைக் கொட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு, எந்தக் குழாய் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கேதான் அந்த அறை; அறை தேடி வரும் குழாய் என்பது இல்லை.

நம்முடைய சம்பிரதாயம் இதற்கு நேர் விரோதமானது. வானம் தோண்டி, கடைக்கால் கட்டி, பேஸ்மெண்ட் உயர்த்தி, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, சுவர் எழுந்து, மேல்தளமும் போட்டு, சென்ட்ரிங் பிரித்து முடிந்த பின்னர், ஒரு சுபதினத்தில் பிளம்பர் வந்து சேர்ந்து, “சார், பாத்ரூம் எது?” என்று கேட்பார். அப்புறம் பூசாத சுவரில் கட்டரும் உளியும் விளையாடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மகா பொறுமைசாலி. எங்கே வெட்டினாலும் தாங்கிக்கொள்ளும், வெட்டிய பாவத்தைச் சிமெண்டுப் பூச்சு மூடிவிடும். 1986ஆம் வருஷம் குரோம்பேட்டையில் நான் கட்டிய வீட்டில், மொசைக் தேய்த்துப் பாலிஷும் முடிந்த பிறகு, குளியலறைத் தண்ணீர் நானி டிராப்பை நாடாமல் வாசற்படியை நாடிற்று. “இஞ்சினீயர் வீட்டிலேயே இப்படியா?” என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் கிடையாது. மேஸ்திரி இரண்டே நாளில் உடைத்துச் சரிசெய்துவிட்டார். உடைத்துக்கொள்ளலாம் என்கிற இந்தத் தைரியம்தான் நம்முடைய முன்யோசனையைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கர்களும் ஆதிமுதல் இப்படிக் கட்டி வந்தவர்கள் அல்லர். குளிர் மிகுந்த வடபகுதிகளில் பூமி உறைந்து வீங்குமாதலால், அந்த உறைவு எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் இறங்கியாக வேண்டும். மினசோட்டாவில் விதிப்படி இது 42 அங்குலத்திலிருந்து 60 அங்குலம். அவ்வளவு தோண்டியவன் இன்னும் சில அடி தோண்டி ஒரு நிலவறையை அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அமைத்துக்கொண்டால் குழாய்களெல்லாம் அதன் உட்கூரையில், கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி ஓடும். உறைபனி ஆழமாக இறங்காத தெற்கே இதற்கெல்லாம் அவசியமில்லை. மண்ணை மட்டம் செய்து அதன்மேலேயே தளத்தைப் போட்டுவிடலாம். வடக்கிலும் இந்த முறையைப் பெரிய அளவில் துணிந்து கையாண்டவர் வில்லியம் லெவிட். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு கிடைக்காமல் தேசமே திண்டாடிய 1947ஆம் வருஷத்தில், நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டிலிருந்த உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் என்னும் ஊரை எழுப்பத் தொடங்கி, 1951க்குள் 17,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது அவருடைய கம்பெனி. நிலவறை கட்டாயம் என்றிருந்த உள்ளூர் விதி தளர்த்தப்பட்டு, கான்கிரீட் தளத்தின் மேலேயே வீடுகள் எழுந்தன. அந்தத் தளத்துக்குள் செம்புக் குழாய்களைச் சுருள் சுருளாகப் புதைத்து, வெந்நீரை ஓடவிட்டு, தரையையே கணப்பாக்கினார்கள். குளிர்காலத்தில் வெறுங்காலோடு நடக்கச் சுகமான ஏற்பாடுதான். செம்பு பொத்துக்கொண்ட வீடுகளில் அந்தச் சுகத்தைத் துறந்து, சுவரோரக் கணப்புகளுக்கு மாறிக்கொண்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்த மனையின் பிளம்பர் மெக்சிகோ தேசத்துக்காரர். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை அளவு நாடா ஒன்றுதான். மறுநாளும் நான் போய் நிற்கவே, அவர் சிரித்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நாடாவை அங்கே கட்டியிருந்த நூலில் வைத்து ஒரு கழிப்பிடக் குழாயின் மையம் வரை இழுத்துக் காட்டினார்: 12½ அங்குலம். இந்த அரை அங்குலத்தில் அவருடைய வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே கடையில் கிடைக்கும் கழிப்பிடப் பீங்கான்கள் பெரும்பாலும், முடிந்த சுவரின் முகத்திலிருந்து 12 அங்குலத்தில் குழாய் மையம் இருக்கும் என்று வைத்துச் செய்யப்பட்டவை. முடிந்த சுவரோ இன்னும் ஜனனமே ஆகவில்லை. நூல் கட்டியிருப்பது, நாளைக்கு நிற்கப்போகும் மரச்சட்டத்தின் விளிம்புக்கு. அந்தச் சட்டத்தின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை வரும். அந்தப் பலகையை இன்றைக்கே மனசில் அறைந்து பார்த்து, அதன் கனத்தையும் கூட்டித்தான் குழாயை நிறுத்தியிருக்கிறார். சுவருக்குள் மேலேறும் குழாய்களின் விஷயம் இதனினும் நெருக்கடியானது. மரச்சட்டத்தை இரண்டுக்கு நாலு என்று பெயருக்குச் சொல்கிறார்களே தவிர, இழைத்து வந்தபின் அதன் அகலம் 3½ அங்குலம். 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 2⅜ அங்குலம். இருபுறமும் மிஞ்சுவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். இதில் பிசகினால் குழாய் சுவரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். 3 அங்குலக் குழாயின் வெளிவிட்டமே 3½ ஆகையால், அது ஏறவேண்டிய சுவரை மட்டும் தடித்த சட்டத்தால் கட்டுகிறார்கள். நம் ஊர்ப் பிளம்பர் சுவரைப் பார்த்துக் குழாயை வைக்கிறார். இவர், இல்லாத சுவரைப் பார்த்து வைக்கிறார்.

அடுத்தபடி வாட்டம். இந்தச் சொல்லைக் கொத்தனார்களிடமிருந்து கற்றுக்கொண்ட நாள்முதல், தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்றாக அது இருந்து வருகிறது. முகத்துக்கு ஆகாதது தரைக்கு இன்றியமையாததாகிவிடுகிற விநோதத்தை வேறெந்தச் சொல்லிலும் நான் கண்டதில்லை. குடிநீர்க் குழாய்க்கு வாட்டம் வேண்டாம். அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கழிவுநீரைத் தள்ளுவார் யாருமில்லை, அது தன் பாரத்தாலேயே போகவேண்டும். சிறு குழாய்களுக்கு அடிக்குக் கால் அங்குலமும், 3 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள குழாய்களுக்குக் குறைந்தபட்சம் அடிக்கு அரைக்கால் அங்குலமும் என்பது அந்நாட்டில் பரவலாக வழங்கும் விதி. கேட்பதற்கு அற்பமான கணக்கு. ஆனால் வீட்டின் பின்கோடிக் குளியலறையிலிருந்து தெருச் சாக்கடை வரை 40 அடி என்றால், அடிக்குக் கால் அங்குலம் வீதம் 10 அங்குலம் இறங்கியாக வேண்டும். தெருச் சாக்கடையின் ஆழமோ நகராட்சி நிர்ணயித்தது, நம் சௌகரியத்துக்கு மேலும் கீழும் போகாது. ஆகவே கணக்கு தெருவிலிருந்து வீட்டை நோக்கி ஏறுகிறதே அல்லாமல், வீட்டிலிருந்து தெருவை நோக்கி இறங்குவதில்லை. மெக்சிகோக்காரர் ஒவ்வொரு குழாயின் முதுகிலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி ஒரு கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்து, நிற்காத இடத்தில் குழாயின் வயிற்றுக்கடியில் ஒரு பிடி மணலைத் திணித்து, மீண்டும் குமிழியைப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் தொய்ந்தாலும் அந்தப் பள்ளத்தில் கழிவு தங்கும்.

குழாய்களை ஒட்டும் இடங்களிலெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கறை படிந்திருந்தது. பசை தடவுமுன் குழாயைத் துடைத்து இளக்குவதற்கு ஒரு திரவம் பூசவேண்டும்; சோம்பேறித்தனத்தால் இதை விட்டுவிடுகிற ஆட்கள் எந்த நாட்டிலும் உண்டாதலால், சோதிக்க வரும் அதிகாரி ஒரு பார்வையில் கண்டுகொள்ளட்டும் என்று அந்தத் திரவத்துக்கே ஊதாச் சாயம் போட்டு விற்கிறார்கள். அழகைக் கெடுத்து யோக்கியதையைக் காட்டும் இந்த யுக்தியை நான் மிகவும் ரசித்தேன். எல்லா வாய்களையும் அடைத்து, ஒரே ஒரு குழாயை மட்டும் ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தி, விளிம்பு தளும்பத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் அந்த விளிம்பு ஒரு நூல் இறங்கினாலும் ஏதோ ஒரு மூட்டு பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகே மண் மூடலாம். பிறகு கறையான் மருந்து, பாலித்தீன் விரிப்பு என்று வேலை மளமளவென்று நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். டாலஸ் பிரதேசத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசலுக்குச் சொந்தத் தங்கை. மழையில் பருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கிற ஜாதி. நம்மவர்கள் இந்த மண்ணுக்கு ரூர்க்கியின் மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் கொடுத்தபடி, அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை இறக்குகிறோம். அவர்கள் தளத்தையே ஒரு தெப்பம்போல் மிதக்கவிட முனைகிறார்கள். பிளாஸ்டிக் உறையிட்ட, அரை அங்குலப் பருமனுள்ள உருக்கு வடங்களைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, கான்கிரீட் இறுகிய சில நாளைக்குப் பின் ஒவ்வொரு வடத்தையும் ஜாக்கியால் சுமார் 33,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 15 டன், விசையில் இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். தளம் பிளவாமல் இருக்க இது உத்தமமான உபாயம். ஆனால் என் குரோம்பேட்டை மேஸ்திரி இந்த வீட்டில் உளியை ஓங்க முடியாது; தெரியாமல் ஒரு வடத்தை அறுத்தால், அடைபட்டுக் கிடக்கும் விசை ஆளையே காயப்படுத்திவிடும்.

மண் சுருங்கிவிடக் கூடாதே என்று கோடைகாலத்தில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிற வழக்கமும் அங்கே உண்டு. செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குத் தண்ணீர் விடுவதை 70 வயதுக்கு மேல்தான் பார்த்தேன். இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகும் மண் அசைந்து, பழைய வீடுகளின் அடியிலுள்ள வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்கள் உடைவது சகஜம். அப்போது வீட்டுக்குள் தரையை உடைக்க மனமில்லாதவர்கள், வெளிப்புறத்திலிருந்து தளத்துக்கடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் இதைக் கண்டேன். பூச்செடிகளுக்கு நடுவே ஒரு குழி. குழிக்குள்ளிருந்து மண் நிறைந்த வாளி கயிற்றில் வந்துகொண்டே இருந்தது. மண்டியிட்டு உள்ளே போயிருந்த மனிதரின் பூட்ஸ் அடிகள் மட்டும் தெரிந்தன. மேலே, அதே தளத்தின் மீது, வீட்டு அம்மாள் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

குடிநீர்க் குழாய்களின் கதை வேறு. முன்னாட்களில் செம்புக் குழாய்களைத் தளத்துக்கடியில் போட்டார்கள். வெந்நீர்க் குழாய் பொத்தால் தரையில் ஓரிடம் மட்டும் இளஞ்சூடாக இருக்குமாம், வீட்டுப் பூனை அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும் என்று மகன் சொன்னான். இந்தத் தொல்லைக்குப் பயந்து, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்களைப் பல இடங்களில் கூரையடிப் பரணில் கொண்டுபோனார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைக் கடுங்குளிர் தாக்கி மின்சாரமும் நின்றபோது, எண்ணற்ற வீடுகளில் பரணில் ஓடிய குழாய்கள் உறைந்து வெடித்து, தண்ணீர் கூரையைப் பிய்த்துக்கொண்டு கூடத்தில் இறங்கிற்று.

கான்கிரீட் கொட்டும் நாளன்று விடியுமுன் லாரிகள் வந்துவிட்டன. யானைத் துதிக்கை போன்ற பம்புக் குழாய் ஆகாயத்தில் வளைந்து இறங்கி, சாம்பல் நிறக் குழம்பைக் கக்க, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்தவர்கள் அதை இழுத்துப் பரப்பினார்கள். மெக்சிகோக்காரருக்கு அன்று வேலையே இல்லை, ஆனாலும் வந்திருந்தார். துதிக்கை தன் குழாய்களை நெருங்கும்போதெல்லாம் அவர் ஒரு எட்டு முன்னால் போவதும், அது கடந்தபின் பின்வாங்குவதுமாக இருந்தார். நடுமேடைக் குழாய் ஒன்றில் ஒருவனுடைய மண்வெட்டிக் காம்பு இடித்தபோது, குழம்பிலேயே இறங்கிப் போய், இடுப்பிலிருந்த நாடாவை உருவி, பலகையிலிருந்து அளந்து பார்த்து, கட்டைவிரலால் குழாயைச் சற்றே தள்ளி, மறுபடி அளந்துவிட்டு வெளியே வந்தார்.

பத்து மணிக்குத் தளம் வழித்து மெழுகப்பட்டுக் கிடந்தது. மண்ணும் மணலும் ஊதாக் கறையும் மறைந்துபோய், மூடியிட்ட குழாய்த் தலைகள் மட்டும் தெரிந்தன. கார் கொட்டகை வரப்போகும் ஓரத்தில் ஒருவன் மண்டியிட்டு, இறுகிக்கொண்டிருந்த கான்கிரீட்டில், இந்தத் தளத்தை வெட்டவோ துளைக்கவோ கூடாது என்கிற எச்சரிக்கையை அச்சால் அழுத்திப் பதித்துக்கொண்டிருந்தான்.