மீனுக்கேற்ற நீரா, நீருக்கேற்ற மீனா?

கொழும்பிலுள்ள கடையில் அலங்கார மீன்களை வாங்கி, பிளாத்திக்குப் பையிலிட்டு, இரவுப் பஸ்வண்டியில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்வோர் பலர். விடிந்ததும் கிணற்றில் அள்ளிய தண்ணீரிலே மீன்களை விடுகின்றனர். தண்ணீரோ பளிங்குபோலத் தெளிந்தது; வீட்டார் அனைவரும் குடிப்பது. ஆயினும் இரண்டொரு நாளில் மீன்கள் ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்குகின்றன. கடைக்காரன் நோயுற்ற மீனைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்று பிள்ளைகள் அழுகின்றனர். அவன்மீது பழி சுமத்துமுன் நாம் ஆராயவேண்டியது அந்தத் தண்ணீரையே.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையைச் சிறிது சிறிதாய்க் கரைத்துக்கொண்டு கீழிறங்குகிறது. நிலாவரைக் கிணறு போன்ற ஆழ்குழிகள் பாறை இவ்வாறு கரைந்தமையால் உண்டானவையே. கரைந்த கல்சியமும் மகனீசியமும் நீரிலே தங்கி அதனை வன்னீராக்குகின்றன. கேத்தலின் அடியிலே படியும் வெள்ளை ஓடும், எளிதில் நுரைக்காத சவர்க்காரமும் இதற்குச் சாட்சி. கொழும்புக் குழாய்களில் வரும் களனி ஆற்று நீரோ எளிதிற் கரையாத கடும்பாறை நிலத்தில் ஓடிவருவது. ஆதலால் அது மென்னீர். ஓரிரவுப் பயணத்தில் அந்த மீன் ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்கு வந்துவிடுகிறது.

வன்மையை மீன் வளர்ப்போர் செர்மன் பாகையில் அளப்பர். ஒரு பாகையென்பது ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கரைந்திருப்பதற்குச் சமன். 8 பாகைக்குக் கீழ்ப்பட்டது மென்னீர். 18 பாகைக்கு மேற்பட்டது வன்னீர். கடைகளில் இதற்கென விற்கும் சிறு குப்பியை வாங்கி, 5 மில்லிலீற்றர் நீரில் மருந்தைத் துளித்துளியாய் விட்டு, நிறம் மாறும் வரை எண்ணினாற் போதும். பெரும்பாலான குப்பிகளில் ஒரு துளி ஒரு பாகையைக் குறிக்கும். மாணவர்க்கு இது நல்லதொரு விளையாட்டுங்கூட.

பீ.எச். என்பது வேறு. கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த சோரென்சன் என்னும் அறிஞர் 1909 இல் வகுத்த அளவு அது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும், இரு படி இறங்கினால் நூறு மடங்காகும் என்பதை நாம் மறத்தலாகாது. பாடசாலையிற் காணும் பாசிச்சாயத்தாள் அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும், 7.2 க்கும் 7.8 க்கும் வேறுபாடு காட்டாது. நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திரவமே வேண்டும். புதிதாய் அள்ளிய கிணற்று நீரை உடனே சோதித்தால் அளவு தவறாய் வரும். நிலத்தடியில் அது ஏற்ற காபனீரொட்சைட்டு இன்னும் நீங்கியிராது. வாளியில் ஒரு நாள் வைத்தபின் சோதித்தால் பெறுமானம் உயர்ந்திருப்பதைக் காணலாம்.

அளவைக் கண்டதும் சிலர் செய்யும் வேலை தேசிக்காய்ப்புளி விடுவது. பீ.எச். இறங்கியது என்று மகிழ்ந்து உறங்கப் போவார்கள். காலையில் அது பழைய இடத்திலேயே நிற்கும். வன்னீரிலே கரைந்துள்ள இருகாபனேற்று அமிலத்தை விழுங்கிவிடுகிறது. மறுபடியும் புளி, மறுபடியும் ஏற்றம். இந்த ஊஞ்சலைக் காட்டிலும் மாறாத 8 மீனுக்கு மேல் என்பது எமது துணிபு. இருகாபனேற்றைக் குறைக்காமல் பீ.எச். ஐக் குறைக்க முயல்வது வீண். அதனைக் குறைக்க எளிய வழி மழைநீர் கலப்பதே: 18 பாகை நீரும் மழைநீரும் சமமாய்க் கலந்தால் ஏறக்குறைய 9 பாகை. தனி மழைநீர் ஆகாது, அதிலே பீ.எச். ஐத் தாங்கி நிற்க ஒன்றுமில்லை.

மென்னீர்த் தொட்டிக்கு உள்ள ஆபத்தும் இதுவே. மீனின் கழிவை நுண்ணுயிர்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகி, இருந்த சிறிதளவு இருகாபனேற்றும் தீர்ந்துபோக, பல மாதங்களில் பீ.எச். மெல்ல 6 க்கும் கீழே இறங்கும். அப்போது நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும், கழிவு தேங்கும். அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாய்க் கிடப்பதால் மீன்கள் பிழைத்திருக்கும். ஒரு நாள் வீட்டார் தொட்டியைத் துப்புரவாக்க எண்ணி, காரத்தன்மையுள்ள புதுநீரைப் பாதிக்கு மேல் ஊற்றுவர். 25 பாகை செல்சியசு வெப்பத்தில், பீ.எச். 7 இல் அந்தக் கழிவின் 200 இல் ஒரு பங்களவே நச்சு அமோனியா. 8 இல் ஏறக்குறைய 20 இல் ஒரு பங்கு. தண்ணீர் மாற்றியதும் மீன் செத்தது என்னும் முறைப்பாட்டுக்கு இது ஒரு காரணம். கிழமைதோறும் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி வந்தால் இந்நிலை வாராது. சிப்பி ஓட்டையோ முருகைக்கல்லையோ ஒரு கைப்பிடி சீலையிற் கட்டி வடிகட்டியில் வைப்பதும் உதவும். வன்னீர்த் தொட்டியிலோ அவற்றை இடுதல் கூடாது. வாங்கிய கல்லில் ஒரு சொட்டு வினாகிரி விட்டு, நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் என்று அறியலாம்.

கிணற்று நீரை நம்பியுள்ள வீட்டார்க்கு நாம் சொல்வது, நீருக்கேற்ற மீனைத் தேடுங்கள் என்பதே. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை வன்னீரிலே செழித்துப் பெருகும். மென்னீர் மீன்தான் வேண்டுமெனின், மீன் வாங்குமுன் கடைத்தொட்டியின் நீரை ஒரு போத்தலிற் கேட்டு வாங்கி, வீட்டு நீரோடு சேர்த்துச் சோதியுங்கள். மழைநீர் கலந்து வீட்டுத் தொட்டியை முதலில் அந்த அளவுக்குக் கொண்டுவந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பயணத்தில் அழுக்கேறிய பை நீரை ஊற்றாதீர்கள். பின்னர் சில கிழமைகளில் சிறிது சிறிதாய்க் கிணற்று நீரைக் கூட்டினால் பண்ணையில் வளர்ந்த மீன்கள் பல பழகிக்கொள்ளும்.

நம் நாட்டுக்கே உரிய மீன்களில் இரண்டை இப்படி வளர்க்க முயலலாம். ஆண்மீனின் முற்பகுதி சிவப்பதால் சிங்களத்திலே ‘புலத் ஹபயா’, அதாவது வெற்றிலை மெல்பவன், எனப் பெயர் பெற்றது ஒன்று. பீ.ஈ.பீ. தெரணியகல 1929 இல் விவரித்த செரி பார்ப் மற்றொன்று. இரண்டும் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில், சருகு ஊறிய மென்னீரில் வாழ்பவை. ஓடையிற் பிடித்தவற்றை விடுத்து, பண்ணையில் வளர்த்தவற்றையே கேட்டு வாங்குதல் நன்று. இவை ஓரளவு வன்மையைப் பொறுக்கும்; ஆயினும் குஞ்சு பொரிக்க விரும்புவோர் மென்னீர் நிரப்பிய தனித் தொட்டியொன்றை ஒதுக்குதல் நலம். மாரி தொடங்கியதும் முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிச் செல்லட்டும். அடுத்த மழைக்கு வாளியை வைத்து, சேர்ந்த நீரிற் சிறிது கிணற்று நீர் கலந்து, நாட்டு வாதுமைச் சருகு ஒன்றிரண்டை ஊறவிட்டால், நீர் இளந்தேநீர் நிறங்கொள்ளும்.