கம்பியைப் புதைக்கச் சொன்னவர் யார்?

மதிப்பீட்டு வரியின் இரண்டாம் தவணைக்கு ஆகஸ்டு 31 கடைசி நாள். அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய வாசகர்கள் பலரும் ஒன்றையே கேட்கிறார்கள்: வரி வாங்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், ஜார்ஜ்டவுன் பழைய நகரில் தலைக்கு மேல் தொங்கும் கம்பிகளை ஏன் மண்ணுக்குள் புதைக்கக் கூடாது?

புதைப்பதன் நன்மையை விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தைப்பூச ரதம் ஓடும் ஊருக்கு அது ஒன்றே போதும். செலவு கூடும் என்பதும் தெரிந்ததுதான். அந்தப் பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதில்தான் கடிதங்கள் தடுமாறுகின்றன.

பள்ளம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அப்புறம். வேலையைக் கேட்டவர் யார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

மின்நிறுவனமான தெனாகா நேஷனல் தன் சொந்தத் திட்டமாகக் கம்பியைப் புதைத்து, எரிசக்தி ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டால், அந்த முதலீடு அதன் சொத்துக் கணக்கில் ஏறும். 2025 முதல் 2027 வரை அந்தச் சொத்துக்கு அனுமதிக்கப்பட்ட வருவாய் 7.3 விழுக்காடு. ஒரு மில்லியன் வெள்ளி போட்டால் முதலாண்டில் சுமார் 73,000 வெள்ளி, தேய்மானம் தனி. தீபகற்பம் முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணை என்பதால், கெடாவில் இருப்பவரும் ஜொகூரில் இருப்பவரும் தங்கள் மின்கட்டணத்தில் அதைச் சேர்த்தே கட்டுவார்கள். ஆகவே “செலவை நிறுவனமே ஏற்கும்” என்று எந்த அறிவிப்பிலாவது படித்தால், ஏற்பது நாம்தான், தவணை முறையில், வருவாயும் சேர்த்து என்று புரிந்துகொள்ளுங்கள்.

இருக்கும் கம்பியை இடம் மாற்றச் சொல்லி மன்றமே கடிதம் எழுதினால் கதை வேறு. கேட்டவர்தான் செலவைக் கட்ட வேண்டும். புதைத்த கேபிள் அதன் பிறகும் தெனாகாவின் உடைமைதான். பினாங்குத் தீவில் வரி கட்டுபவர்கள் பணம் கொடுத்து, தங்களுக்குச் சொந்தமாகாத ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்கள்.

என்னை உறுத்துவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலிதான். ஆணையம் ஒரு முதலீட்டை எடைபோடும்போது மின்தடை குறையுமா, பாதுகாப்பு கூடுமா, செலவு நியாயமா என்று பார்க்கும். கடைவீட்டின் முகப்பு தெரிய வேண்டும் என்பது அந்தக் கணக்கில் எளிதில் நுழையாது. ஆனால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த நகரைக் காட்டிப் பயணிகளை அழைப்பது நாடு முழுவதும்தானே? பலன் எல்லோருக்கும், செலவு தீவுக்கு மட்டும் என்றால் அது நியாயமில்லை. தென்கொரியாவில் இத்தகைய வேலைக்கு மின்நிறுவனமும் உள்ளாட்சியும் பாதிப் பாதி போடுவது வழக்கம். காசியின் குறுகலான பழைய சந்துகளில் மின்கம்பிகளைப் புதைக்க டில்லி பணம் கொடுத்தது. இங்கும் மத்திய அரசின் பங்கைக் கேட்காமல் மன்றம் கையெழுத்துப் போடக் கூடாது.

1904 முதல் 1976 வரை ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் கொடுத்ததே நகராட்சிதான். அப்போது கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. 1976-இல் அது தெனாகாவின் முன்னோடியான தேசிய மின்வாரியத்தின் கைக்குப் போனது. இன்று அதே நகரம் விண்ணப்பம் எழுதும் இடத்தில் நிற்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தொங்குவதெல்லாம் மின்கம்பியா? இல்லை, சுருள் சுருளாகத் தொங்குபவற்றில் பெரும்பாலானவை தொலைத்தொடர்புக் கம்பிகள், அவற்றுக்கு 1998-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம்.

மின்கேபிள் புதைத்தால் அவையும் மறையுமா? தானாக மறையாது, பள்ளம் திறந்திருக்கும்போதே அவற்றுக்கும் குழாய் போடாவிட்டால் சாலையை மறுபடி தோண்ட வேண்டும்.

பழுதானால்? மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியும், கீழே இருந்தால் கருவி வைத்துத் தேடிப் பிறகு தோண்ட வேண்டும்.

தோண்டும்போது பழைய சின்னங்கள் கிடைத்தால்? 2015-இல் ஜார்ஜ்டவுனின் சியா போய் பகுதியில் பழைய பிராங்கின் கால்வாயின் எச்சங்கள் வெளிப்பட்டன. அத்தகைய இடத்தில் வேலை நிற்கும், செலவு ஏறும்.

மதிப்பீட்டு வரி உயருமா? மன்றம் தன்னிச்சையாக உயர்த்த முடியாது, மாநில அரசின் ஒப்புதல் வேண்டும்.

கம்பி புதைபடும்வரை வரியை நிறுத்திவைக்கலாமா? கூடாது, தாமதித்தால் அபராதம்.