இரசாயனத் தொழில் யாருக்கு உகந்தது?

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், அடுத்து எதைப் பயில்வது என்னும் கேள்வி மாணவரையும் பெற்றோரையும் ஒருங்கே கலக்குகிறது. அவ்வேளையில் அவர்கள் ஆலோசனை நாடுவது பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியரிடமோ, கிராமத்திற்கு வந்து போகும் விஸ்தரிப்பு ஊழியரிடமோதான். இரசாயனத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று கேட்போருக்குக் கூறும் விடை தவறுமாயின், ஓர் இளைஞரின் ஐந்தாறு ஆண்டுகள் வீணாகக்கூடும். ஆகவே அத்தொழிலின் உண்மையான இயல்பை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

தொழிலின் இயல்பு

பேச்சு வழக்கில் மருந்துக் கடைக்காரரையும் 'கெமிஸ்ட்' என்றே அழைக்கின்றனர். இங்கே கருதப்படுபவர் பொருள்களின் சேர்க்கையையும் மாற்றத்தையும் ஆராயும் இரசாயன விஞ்ஞானி ஆவார்.

பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1880-களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பயிர்த்தொழில் செய்து வாழ்வதற்கென மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் தோன்றிய சிற்றூர். இன்று அது பெரும் தொழில்நுட்ப வட்டாரமாக வளர்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையம் அங்கே திறக்கப்பட்டது. இத்தகைய மையங்களின் கண்ணாடி மாளிகைகளைக் காணும் இளைஞர் பலர், தாமும் அங்கே ஆராய்ச்சியாளராக வேண்டுமென்று விரும்புவது இயல்பே. ஆனால் ஆராய்ச்சிச் சாலையின் அன்றாட வேலை வெளியிலிருந்து நோக்குவோர்க்குப் புலப்படுவதில்லை. மாதிரியை நிறுத்தல், கரைத்தல், கருவியைச் சரிபார்த்தல், அளத்தல், குறித்தல், மீண்டும் அளத்தல் ஆகியவையே அங்கு நாளின் பெரும்பகுதியைக் கொள்கின்றன. புதிய பொருள்களை ஆக்குவோர், சிறு குடுவையில் கண்ட முறையைத் தொழிற்சாலை அளவிற்குப் பெருக்குவோர், குடிநீரையும் மருந்தையும் மண்ணையும் பகுத்தாய்வோர், கற்பிப்போர் எனப் பல பிரிவினர் இத்துறையில் உளர். பொறுமையும் நேர்மையும் இவர்கள் அனைவர்க்கும் பொதுவான தேவைகளாகும்.

களப்பணியாளர் வயலிலிருந்து எடுத்தனுப்பும் மண் மாதிரியை எண்ணிப் பார்க்கலாம். பகுத்தாய்வில் ஓர் எண் பிழைபட்டால், தேவையற்ற உரத்திற்காக உழவர் கடன்படுகிறார். அல்லது தேவையான உரமின்றி விளைச்சல் குன்றுகிறது. அவ்வெண்ணைக் குறித்தவரை உழவர் ஒருபோதும் காண்பதில்லை. பிறர் காணாத இடத்திலும் சரியாகச் செய்யும் மனப்பான்மை இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

சிறு வேறுபாடு தந்த பெரும் பயன்

இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. இங்கிலாந்தில் ராலே பிரபு நைட்ரஜன் வாயுவின் எடையை அளந்தபோது, காற்றிலிருந்து பெற்ற வாயு லிட்டருக்கு 1.2572 கிராமும், இரசாயனச் சேர்மங்களிலிருந்து பெற்றது 1.2505 கிராமும் இருக்கக் கண்டார். வேறுபாடு ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கே. அளவீட்டுப் பிழை என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. மீண்டும் மீண்டும் அளந்தார். காரணத்தைக் கூறுமாறு 1892-இல் மற்ற விஞ்ஞானிகளை எழுத்து மூலம் வேண்டினார். அவரும் வில்லியம் ராம்சேயும் மேலும் ஆராய்ந்து, காற்றில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்காக மறைந்திருந்த ஆர்கான் என்னும் தனிமத்தை 1894-இல் அறிவித்தனர். 1904-இல் ராலேக்குப் பௌதிகத்திலும் ராம்சேக்கு இரசாயனத்திலும் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த ராம்சேயே 1900-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவ எண்ணிய விஞ்ஞானக் கழகத்திற்குப் பெங்களூர் உகந்த இடமெனப் பரிந்துரைத்தார். அவரோடு சேர்ந்து நியான் முதலிய வாயுக்களைக் கண்டறிந்த மாரிஸ் டிராவர்ஸ் அக்கழகத்தின் முதல் தலைவரானார்.

உறுதி வென்ற வரலாறு

அதே கழகத்தில் 1933-இல் இடம் வேண்டினார் கமலா பகவத். பிற்காலத்தில் கமலா சொஹோனி என அறியப்பட்டவர் இவரே. பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சிறப்பாகத் தேறியிருந்தும், பெண் என்ற காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் விடாது வற்புறுத்தவே, அப்போதைய தலைவர் சி.வி. இராமன் ஓராண்டுக் காலம் சோதனை முறையில் சேர்த்துக்கொள்ள இசைந்தார். பால், பருப்பு வகைகள் ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்த கமலாவின் உழைப்பு அவ்வாண்டு இறுதியில் தலைவருக்கு நிறைவளித்தது. பின்னர் அவர் கேம்பிரிட்ஜ் சென்று, தாவரங்களிலும் சைட்டோகுரோம் சி என்னும் பொருள் உண்டென்று காட்டி, 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கதவு அடைபட்ட நிலையிலும் அவரைத் தாங்கியது அவ்வேலையின்மீது அவருக்கிருந்த உண்மையான நாட்டமே.

ஆசிரியர் காணத்தக்க அடையாளங்கள்

மதிப்பெண்ணை மட்டும் கொண்டு இந்நாட்டத்தை அளவிட இயலாது. பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது ஆசிரியர் கூர்ந்து நோக்கலாம். மூன்று அளவீடுகளுள் ஒன்று மாறுபடின் மாணவர் யாது செய்கிறார்? அண்டை மாணவரின் எண்ணைப் பார்த்து எழுதுபவர், எத்துணை மதிப்பெண் பெற்றாலும், இத்தொழிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. பியூரெட்டைக் கழுவி மீண்டும் தொடங்குபவர், காரணத்தைக் கேட்பவர், வந்த எண்ணை வந்தபடியே குறிப்பவர் ஆகியோரை ஊக்குவித்தல் வேண்டும். அமிலத்தைக் கையாளும்போது பதற்றமோ அசட்டையோ உள்ளதா என்பதையும் காணல் வேண்டும். பதற்றம் பழக்கத்தால் நீங்கும், அசட்டை விபத்தில் முடியும்.

நிறங்களைப் பிரித்தறிவதில் குறையுள்ளோர் தயங்க வேண்டியதில்லை. பிஎச் மானி முதலிய கருவிகள் கண்ணின் உதவியின்றியே முடிவு நிலையைக் காட்டிவிடும்.

இளங்கலைப் பட்டத்துடன் தர ஆய்வுப் பணிகளில் சேரலாம். தனித்து ஆராய்ச்சி நடத்த விரும்புவோர் முதுகலையும் டாக்டர் பட்டமும் பெறுதல் பொதுவாகத் தேவைப்படும். அதற்கு ஆண்டுகள் பல ஆகும் என்பதைப் பெற்றோரிடம் முன்னரே தெளிவாகக் கூறிவிடுதல் நன்று. இயலுமாயின், மேல்வகுப்பு மாணவரை அருகிலுள்ள மண் ஆய்வு நிலையத்திற்கோ குடிநீர் ஆய்வுக்கூடத்திற்கோ ஆசிரியரும் களப்பணியாளரும் அழைத்துச் சென்று, ஒரு நாள் முழுவதும் அங்கு நடக்கும் வேலையைக் காணச் செய்யலாம். அதன் பின்னும் ஆர்வம் குன்றாத மாணவருக்கு இத்துறையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்.