குரலைக் காக்கும் கணினி

நுழையும் முன்
ஏட்டில் எழுதப்படாத இலக்கியம் மனிதரின் குரலில் வாழ்கிறது. பாடுபவர் மறைந்தால் பாட்டும் மறைகிறது. அக்குரலைக் காக்கும் கருவி இன்று வீட்டுக் கணினியிலேயே உள்ளது. அதனைப் பிழையின்றிக் கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கொங்கு மண்ணின் குரல்
பொன்னர், சங்கர் ஆகிய உடன்பிறந்தாரின் வரலாற்றைக் கூறும் அண்ணன்மார் கதை, கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியமாகும். மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1965ஆம் ஆண்டில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதைப்பாடலை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அப்பதிவு எழுத்து வடிவம் பெற்று, 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. நாடா பழுதுபட்டிருந்தால் அந்நூல் பிறந்திராது.

காந்திபுரத்தில் வாழும் மாணவி ஒருத்தி, தன் அம்மிச்சியின் தாலாட்டைக் கணினியில் பதிவுசெய்கிறாள் எனக் கொள்வோம். பாடி முடித்ததும் கேட்டுப் பார்க்கிறாள், ஒலி எழவில்லை. பழுது எங்கே உள்ளது?

ஒலி செல்லும் வழி
குரல் முதலில் ஒலிவாங்கியை அடைந்து மின்னலையாகிறது. கணினியின் ஒலியட்டை அம்மின்னலையை எண்களாக்குகிறது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்படும். அவ்வெண்களை மென்பொருள் கோப்பாகச் சேமிக்கிறது. இது பதிவின் வழி. கோப்பிலுள்ள எண்கள் மீண்டும் மின்னலையாகி ஒலிபெருக்கியை அடைவது கேட்பின் வழி. பழுது எவ்வழியில் உள்ளது என அறிவதே முதற்பணி.

அதற்கு எளிய சோதனை உண்டு. முன்பே நன்கு ஒலித்த பாடல் ஒன்றை இயக்க வேண்டும். அதுவும் ஒலிக்காவிடில் பழுது கேட்பின் வழியில் உள்ளது. அது ஒலித்தால், பதிவின் அலைவடிவத்தைத் திரையில் நோக்க வேண்டும். அது நேர்கோடாகத் தோன்றினால், குரல் கணினியை அடையவே இல்லை எனக் கொள்ளலாம்.

பழுதும் தீர்வும்
குரல் அடையாதபோது இணைப்பையே முதலில் நோக்க வேண்டும். மேசைக் கணினிகள் பலவற்றில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும் பச்சைத் துளை ஒலிபெருக்கிக்கும் உரியவை. அடுத்து, அமைப்புகள் பகுதியில் உரிய ஒலிவாங்கி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா, அதனைப் பயன்படுத்த மென்பொருளுக்கு அனுமதி உள்ளதா என்று காண வேண்டும்.

குரல் கரகரத்தால், அலைமுகடுகள் எல்லையை மீறி வெட்டுண்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். வெட்டுண்ட பகுதியைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது. எனவே பதிவளவைக் குறைத்து மீண்டும் பாடச் செய்வதே முறை. ரீங்காரம் இடைவிடாது கேட்டால், அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஊடுருவல். மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். குரல் இயல்பினும் தாழ்ந்து மெதுவாக ஒலித்தால், ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்த பதிவு 44,100 என்னும் வீதத்தில் இயக்கப்படுகிறதா என ஆராய வேண்டும்.

பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு மென்பொருளைவிடச் சாத்திய சன்னலே சிறந்த மருந்து. ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைப்பதும் நன்று.

முன்காப்பு
கேட்பில் நேரும் பழுதை நாளையும் நீக்கலாம். கோப்பு அப்படியே இருக்கும். பதிவில் நேரும் பழுதோ அப்படியன்று. முதியவர் மீண்டும் பாடும் நாள் வாராமலும் போகலாம். ஆதலால் முதலில் பத்து நொடி பதிவுசெய்து, கேட்டுப் பார்த்த பின்னரே பாடச் சொல்ல வேண்டும். பதிவினைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிப்பது நன்று. குறுந்தகட்டுத் தரத்தில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் கொள்ளும். அதன் படி ஒன்றை வேறொரு கருவியிலும் வைத்தல் வேண்டும்.

மாணவி மீண்டும் இணைப்பை நோக்குகிறாள். ஒலிவாங்கியின் செருகி பச்சைத் துளையில் இருந்தது. அதை மாற்றிப் பத்து நொடி சோதித்தபின், அம்மிச்சியை மறுபடியும் பாட அழைக்கிறாள். இம்முறை திரையில் அலை எழுகிறது.